ஹை கொடுத்தும் பின்ல வோல்ட்டேஜ் சரியா வரலையா? மீட்டர் காட்டுற அளவை வச்சே ஆளைப் பிடிக்கலாம்

மைக்ரோகன்ட்ரோலர் சிப்போட ஒரு பின்னுக்கு கோடுல ஹைன்னு (முழு சப்ளை வோல்ட்டேஜை வெளிய கொடுன்னு) எழுதியாச்சு, அப்லோடும் ஆயிடுச்சு, மீட்டரை வச்சா 5 வோல்ட்டுக்கு பதிலா 1.9 காட்டுது, உடனே நம்ம ஆளுங்க வாயில வர்ற முதல் வார்த்தை "சிப் போச்சுடா". அப்புறம் ரிச்சி ஸ்ட்ரீட் போய் புது போர்டு வாங்கிட்டு வந்து அதுலயும் அதே 1.9 வந்ததும் தான் யோசிக்கவே ஆரம்பிப்பாங்க. பெரும்பாலும் சிப் போயிருக்காதுங்க. பின்ல நிக்கிற அந்த வினோதமான வோல்ட்டேஜே ஒரு துப்பு தான், 0.7-க்கு ஒரு காரணம், 1.9-க்கு ஒரு காரணம், 2.5-க்கு ஒண்ணு, 4.6-க்கு ஒண்ணுன்னு தனித்தனியா இருக்கு. அதனால மீட்டர்ல என்ன தெரியுதோ அதை வச்சே பிரிச்சு எழுதியிருக்கேன், உங்களுக்கு வர்ற நம்பருக்கு பக்கத்துல எது இருக்கோ அங்க போய் படிச்சுக்கோங்க. உதாரணத்துக்கு பெரும்பாலும் அர்டுயினோ உனோ, நானோல இருக்கிற ஏடிமெகா 328பி தான் எடுத்திருக்கேன், நடுநடுல 8051, பிக், இஎஸ்பி, எஸ்டிஎம்32-ன்னு மத்த மைக்ரோகன்ட்ரோலர் சிப் எல்லாம் வரும், ஏன்னா ஒவ்வொண்ணுக்கும் ஒரு தனி கிறுக்குத்தனம் இருக்கு.

நம்பரை நம்புறதுக்கு முன்னாடி

மீட்டரோட கருப்பு ப்ரோப் எங்க இருக்கு? இதை நான் கேட்டா பாதி பேர் பவர் சப்ளையோட நெகட்டிவ்லன்னு சொல்வாங்க. அங்க வைக்காதீங்க, சிப்போட சொந்த கிரவுண்ட் பின்லயே வைங்க. 28 கால் இருக்கிற 328பி-ல 8-வது கால், இல்லன்னா 22-வது கால். சப்ளைக்கும் சிப்புக்கும் நடுவுல ப்ரெட்போர்டு, ஜம்பர் ஒயர்னு எவ்வளவோ இருக்கு, அதுல விழுற வோல்ட்டேஜ் எல்லாம் உங்க அளவுல சேர்ந்து வந்து குழப்பும். அடுத்து சிவப்பு ப்ரோப்பை 7-வது கால்ல வச்சு சிப்புக்கு உண்மையிலேயே எவ்வளவு சப்ளை வருதுன்னு எழுதி வச்சுக்கோங்க, அங்கயே 4.2 தான் இருக்குன்னா பின்ல 5 எப்படி வரும்?

நீளமான ப்ரெட்போர்டுல மேலயும் கீழயும் ஓடுற பவர் லைன் நிறைய மாடல்ல நடுவுலயே கட் ஆயிருக்கும், சிவப்பு கோடு நீல கோடு விட்டுப்போன மாதிரி வரைஞ்சிருந்தா அங்க கனெக்‌ஷன் இல்லன்னு அர்த்தம். பாதி சர்க்யூட்டுக்கு கிரவுண்டே இல்லாம வித்தை காட்டிட்டு இருக்கும்.

இன்னொண்ணு மீட்டர் பேட்டரி. அந்த மஞ்சள் கலர் சின்ன மீட்டர்ல 9 வோல்ட் பேட்டரி இறங்கிப்போச்சுன்னா அது காட்டுற அளவு கூடிடும், கம்மியாகாது. 5 வோல்ட் சப்ளை 5.8-ன்னு காட்டினா ரெகுலேட்டரை திட்டாம முதல்ல பேட்டரியை மாத்துங்க.

அளக்கறதுக்கு தனியா ஒரு குட்டி ப்ரோக்ராம் போடுங்க, வேற எந்த லைப்ரரியும் வேணாம், அந்த ஒரு பின்னை அவுட்புட்னு செட் பண்ணி 5 செகண்ட் ஹை, 5 செகண்ட் லோ, அவ்வளவு தான். வேகமா பிளிங்க் பண்ண விட்டா மீட்டர் செட்டில் ஆகறதுக்குள்ள மாறிடும், ஏதோ ஒரு நடு நம்பர் தெரியும், அதை வச்சு ஒரு மணி நேரம் மண்டையை உடைச்சுப்பீங்க.

இப்போ முக்கியமான விஷயம், கீழ வர்ற எல்லாத்துக்கும் இது தான் அடிப்படை. பின்ல மாட்டியிருக்கிற எல்லாத்தையும் கழட்டிட்டு வெறும் பின்னை அளங்க. கழட்டினதும் முழு வோல்ட்டேஜ் வந்துடுச்சுன்னா வெளிய இருக்கிற ஏதோ ஒண்ணு இழுக்குது, இல்லன்னா பின்னுக்கு தெம்பு இல்ல. கழட்டியும் வரலைன்னா பிரச்சனை கோடுலயோ சிப்லயோ இருக்கு. முழு வோல்ட்டேஜ் வந்த கேஸ்ல ஒரு 10 கிலோ ஓம் ரெசிஸ்டரை பின்னுக்கும் கிரவுண்டுக்கும் நடுவுல போட்டு திரும்ப அளங்க. ஒழுங்கா டிரைவ் பண்ற பின் அசையவே அசையாது, 4.99 மாதிரியே நிக்கும். நம்பர் தடால்னு 1 வோல்ட் பக்கம் விழுந்துடுச்சுன்னா அந்த பின் அவுட்புட்டே இல்ல, உள்ள இருக்கிற புல்-அப் (பின்னை சப்ளையோட சேர்க்கிற பெரிய ரெசிஸ்டர்) தான் உங்களை ஏமாத்திட்டு இருந்திருக்கு.

4.5-ல இருந்து 4.8 வரைக்கும் வருது

இது பிரச்சனையே இல்ல, விடுங்க. நானோல யூஎஸ்பில இருந்து வர்ற 5 வோல்ட் ஒரு ஷாட்கி டையோடு வழியா தான் சிப்புக்கு போகுது, அதுலயே 0.3, 0.4 போயிடும், அதனால 4.6 தான் அதோட 5 வோல்ட். அது போக பின்னுக்குள்ள இருக்கிற டிரான்சிஸ்டருக்கும் ஒரு ரெசிஸ்டன்ஸ் இருக்கு, 328பி-ல தோராயமா 25 ஓம்னு வச்சுக்கலாம், 20 மில்லிஆம்ப் இழுத்தா அதுலயே அரை வோல்ட் போயிடும். டேட்டாஷீட்டே 5 வோல்ட் சப்ளைல 20 மில்லிஆம்ப் எடுத்தா குறைஞ்சது 4.2 வரும்னு தான் உத்தரவாதம் கொடுக்குது, 5 வரும்னு எங்கயும் சொல்லல.

உனோவோட டிசி ஜாக்ல 6 வோல்ட் அடாப்டர் மாட்டியிருந்தாலும் இப்படி ஆகும். உள்ள இருக்கிற டையோடுக்கும் ரெகுலேட்டருக்கும் சேர்த்து 2 வோல்ட் கிட்ட வேணும், அதனால தான் 7-க்கு கீழ போடாதீங்கன்னு சொல்றது.

0.7 பக்கத்துல நிக்குது

இந்த நம்பரை பார்த்தாலே கண்ணை மூடிட்டு சொல்லிடலாம், டிரான்சிஸ்டர் பேஸ்க்கு ரெசிஸ்டர் போடல. பிசி547 பேஸ்-எமிட்டர்ங்கிறது ஒரு டையோடு தான், 0.7-க்கு மேல அதிகமா ஏற விடாது, பின் அதோட முழு பலத்தையும் போட்டு தள்ளிட்டு இருக்கும், 0.8, 0.9 வரைக்கும் கூட போகும். 40 மில்லிஆம்ப்ங்கிற உச்ச வரம்பை தாண்டி ஓடும், ரிலே என்னமோ டக் டக்னு வேலை செய்யும், அதான் ஆபத்தே, வேலை செய்யுதேன்னு அப்படியே விட்டுடுவாங்க, சில மாசத்துல பின் செத்துடும்.

சரி எவ்வளவு ரெசிஸ்டர் போடணும்? கடையில எல்லா இடத்துலயும் கிடைக்கிற அந்த நீல டப்பா 5 வோல்ட் ரிலே இருக்கே, அதோட காயில் 70 ஓம், கிட்டத்தட்ட 71 மில்லிஆம்ப் எடுக்கும். டிரான்சிஸ்டர் நல்லா சாச்சுரேட் ஆக, அதாவது முழுசா ஆன் ஆக, அதுல இருபதுல ஒரு பங்கு பேஸ்ல கொடுத்தா போதும், அதாவது 3.5 மில்லிஆம்ப். 5-ல 0.7 கழிச்சா 4.3, அதை 3.5 மில்லிஆம்ப்பால வகுத்தா 1.2 கிலோ ஓம் சொச்சம் வரும், 1 கிலோ ஓம் போட்டுடுங்க, பேஸ்ல 4.3 மில்லிஆம்ப் போகும், பின்னும் 4.9 காட்டும். காயில் மேல தலைகீழா ஒரு 1என்4007 இருக்கான்னும் அதே கையோட பார்த்துக்கோங்க, இல்லன்னா ரிலே ஆஃப் ஆகும்போது வர்ற ஸ்பைக்ல போர்டு ரீசெட் ஆகும், அது வேற கதை.

0.7 இல்லாம 1.4 கிட்ட வந்தா அது டார்லிங்டன், டிஐபி122 மாதிரி ஏதாவது நேரா மாட்டியிருப்பீங்க, ரெண்டு பேஸ்-எமிட்டர் சேர்ந்து 1.4. ஆனா யூஎல்என்2003-ல இப்படி வராது, அதுக்குள்ளயே ஒவ்வொரு இன்புட்டுக்கும் 2.7 கிலோ ஓம் வச்சிருக்காங்க, அதனால தான் அதை நேரா மாட்டலாம்னு எல்லாரும் சொல்றாங்க.

1.2, 1.9, 3 வோல்ட்: எல்இடி வேலை

1.2-ன்னா ஐஆர் எல்இடி, இல்லன்னா பிசி817 மாதிரி ஆப்டோகப்ளரோட உள் எல்இடி. 1.8-ல இருந்து 2.2 வரைக்கும்னா சிவப்பு எல்இடி, 3 அதுக்கு மேலன்னா நீலம் இல்லன்னா வெள்ளை. எல்லாத்துக்கும் காரணம் ஒண்ணு தான், சீரியஸ் ரெசிஸ்டர் இல்ல. "நெட்ல பார்த்தேன், நேரா மாட்டி எரியுது சார்"-னு ஒருத்தன் கண்டிப்பா சொல்வான், எரியும் தான், எவ்வளவு நாள்னு கேளுங்க. 220-ல இருந்து 470 ஓம் வரைக்கும் ஏதாவது ஒண்ணு போடுங்க, இப்போ வர்ற எல்இடிக்கெல்லாம் 1 கிலோ ஓம் போட்டாலே வெளிச்சம் தாராளம்.

உனோ ஆர்3-ல இருந்து 2023-ல வந்த உனோ ஆர்4-க்கு மாறினவங்க இங்க கொஞ்சம் கவனிக்கணும். பார்க்க ஒரே மாதிரி போர்டு, ஒரே பின் வரிசை, ஆனா ஆர்4-ல ஒரு பின்னுக்கு 8 மில்லிஆம்ப் தான். பழைய சர்க்யூட்டை அப்படியே தூக்கி மாட்டினா வோல்ட்டேஜ் இறங்குறது சகஜம்.

இதோட சேர்ந்த ஒரு விசித்திரம் பிக்ல இருக்கு, பாலிடெக்னிக் லேப்ல 16எஃப்877ஏ வச்சு வேலை செஞ்சவங்களுக்கு தெரியும். ஒரு எல்இடியை ஆன் பண்றீங்க, எரியுது. அடுத்த லைன்ல அதே போர்ட்ல (ஒண்ணா சேர்ந்த பின்களோட குழு) பக்கத்து எல்இடியை ஆன் பண்றீங்க, அது எரியுது ஆனா முதல் எல்இடி அணைஞ்சுடுது! கோடு நூத்துக்கு நூறு சரி. என்ன நடக்குதுன்னா, ஒரு பிட்டை மட்டும் செட் பண்ணச் சொன்னாலும் அந்த சிப் மொத்த போர்ட்டையும் பின்ல இருந்து படிச்சு, அந்த ஒரு பிட்டை மாத்தி, மொத்தத்தையும் திரும்ப எழுதும். ரெசிஸ்டர் இல்லாத எல்இடி முதல் பின்னை 1.8-ல பிடிச்சு வச்சிருக்கு, அந்த இன்புட்டுக்கு ஹைன்னு எடுத்துக்க குறைஞ்சது 2 வோல்ட் வேணும், அதனால ஹை-யா இருக்கிற பின்னை அது லோன்னு படிச்சு லோன்னே திரும்ப எழுதிடுது. அனலாக்கா விட்டுட்ட பின்லயும் இதே கூத்து தான், அனலாக் பின்னை படிச்சா எப்பவும் 0 தான் வரும், அதனால போர்ட் ஏ-ல வேலை செய்யறப்போ ஏட்கான்1 ரிஜிஸ்டர்ல 6 எழுதி எல்லாத்தையும் டிஜிட்டலாக்கிடுங்க. பிக்18 சீரிஸ்ல லேட் ரிஜிஸ்டர்னு தனியா கொடுத்ததே இந்த தலைவலிக்கு தான், அங்க அவுட்புட்டுக்கு போர்ட்ல எழுதாம லேட்ல எழுதுங்க.

சும்மா இருந்தா 5, எதையாவது மாட்டினா படுத்துடுது

நிறைய பேர் மாட்டிக்கிற இடம் இது தான். மீட்டர்ல அளந்தா 4.9, சூப்பரா இருக்கு. எல்இடி மாட்டினா மினுக்னு மங்கலா எரியுது, பின்ல 1.7 தான் இருக்கு. மேல சொன்ன 10 கிலோ ஓம் டெஸ்ட் போடுங்க, 0.8-ல இருந்து 1.7-க்குள்ள வந்ததுன்னா பின்மோட் அவுட்புட்னு எழுத மறந்துட்டீங்க, இல்ல வேற பின் நம்பரை எழுதியிருக்கீங்க. இன்புட்டா இருக்கிற பின்ல டிஜிட்டல்ரைட் ஹை போட்டா அது உள்ள இருக்கிற புல்-அப்பை ஆன் பண்ணும், அந்த புல்-அப் 20-ல இருந்து 50 கிலோ ஓம். மீட்டர் 10 மெகா ஓம்ங்கிறதால அதை இழுக்கவே இழுக்காது, அதான் முழுசா 5 தெரியுது. எல்இடிக்கு அதுல போற கரண்ட் 0.2 மில்லிஆம்ப் கூட தேறாது.

பின்மோட் சரியா இருந்தும் இப்படின்னா சிப்பே அப்படித்தான்னு அர்த்தம். 8051 ஆளுங்க இங்க வாங்க. ஏடி89எஸ்52-ல போர்ட் 0-க்கு உள்ள புல்-அப்பே கிடையாது, ஓப்பன் டிரெயின், அதாவது லோ-க்கு இழுக்க மட்டும் தான் தெரியும், ஹை-க்கு தள்ளாது, வெளிய 10 கிலோ ஓம் போடலைன்னா ஹைங்கிறதே வராது, பின் அந்தரத்துல தொங்கும். கடையில 9 கால் இருக்கிற கருப்பு சீப்பு மாதிரி ரெசிஸ்டர் நெட்வொர்க் கிடைக்கும், ஒரு காலை 5 வோல்ட்ல கொடுத்து மீதி எட்டையும் போர்ட் 0-ல மாட்டுனா முடிஞ்சது. போர்ட் 1, 2, 3-ல புல்-அப் இருக்கு ஆனா நோஞ்சான், 60 மைக்ரோஆம்ப் எடுத்தாலே 2.4 வோல்ட் வரைக்கும் இறங்கலாம்னு டேட்டாஷீட்டே சொல்லுது. அதுல எல்இடியை பின்னுக்கும் கிரவுண்டுக்கும் மாட்டிட்டு எரியலைன்னா அது சிப்போட தப்பா? எல்இடியை திருப்பி மாட்டுங்க, 5 வோல்ட்ல இருந்து 1 கிலோ ஓம், எல்இடி, அப்புறம் பின். லோ கொடுத்தா எரியும். 8051 காலத்து சர்க்யூட் எல்லாம் லோ-ல ஆன் ஆகுற மாதிரி இருக்கறதுக்கு காரணமே இது தான்.

பிக் 16எஃப்877ஏ-ல ஆர்ஏ4-ம் ஓப்பன் டிரெயின், அதுக்கும் வெளிய புல்-அப் வேணும். எஸ்டிஎம்32எஃப்103 இருக்கிற ப்ளூ பில் போர்டுல பிசி13, 14, 15 மூணும் 3 மில்லிஆம்ப்புக்கு மேல தாங்காது, அதுவும் உள்ள இழுக்க மட்டும் தான், எல்இடிக்கு கரண்ட் வெளிய தர்ற வேலைக்கு அதை வைக்கக்கூடாது. போர்டுல இருக்கிற எல்இடி லோ-ல எரியறது அதனால தான்.

இன்னொரு சின்ன விஷயம், நானோல 13-வது பின்ல இன்புட் புல்-அப் போட்டு சுவிட்ச் மாட்டுனா 5 வராது, 1.7 கிட்ட நிக்கும். அங்க போர்டுலயே ஒரு எல்இடி ரெசிஸ்டரோட உக்காந்திருக்கு. வேற பின்னுக்கு போயிடுங்க.

நடுவுல, 2.5 மாதிரி ஏதோ ஒண்ணு

இதுக்கு மூணு நாலு காரணம் இருக்கலாம், ஒண்ணு ஒண்ணா தள்ளிட்டு வரணும். சிப்பை தொட்டுப் பாருங்க முதல்ல. சுடுதா? அப்போ பவரை உடனே பிடுங்குங்க, ரெண்டு அவுட்புட் ஒண்ணோட ஒண்ணு சண்டை போடுது, ஒண்ணு ஹை, ஒண்ணு லோ, சால்டர் பாலம் கட்டி ஒட்டியிருக்கும், இல்லன்னா சென்சாரோட அவுட்புட் பின்னையே நீங்களும் அவுட்புட்டா போட்டிருப்பீங்க. ரெண்டு பக்கமும் 25 ஓம்னா நடுவுல 100 மில்லிஆம்ப் ஓடும், தாங்குமா?

சூடு இல்ல, பின்ல அனலாக்ரைட் போட்டிருக்கீங்கன்னா அது பிடபிள்யூஎம். 5-க்கும் 0-க்கும் நடுவுல செகண்டுக்கு 490 தடவை மாறிட்டு இருக்கு (உனோல 5, 6 பின்ல மட்டும் 980), மீட்டர் அதோட சராசரியை காட்டுது. 128 போட்டா 2.5, 64 போட்டா 1.25, கணக்கு இப்படி ஒத்துப்போச்சுன்னா கோளாறே இல்ல. உண்மையிலேயே நிலையா 2.5 வோல்ட் வேணும்னா 10 கிலோ ஓமும் 1 மைக்ரோஃபாரட் கெபாசிட்டரும் வச்சு ஃபில்டர் பண்ணணும், இல்லன்னா இஎஸ்பி32-ல 25, 26 பின்ல நிஜ டிஏசி (நம்பரை நேரா வோல்ட்டேஜா மாத்துற பகுதி) இருக்கு, அதை எடுத்துக்கோங்க. பிடபிள்யூஎம் இல்லாத பின்ல அனலாக்ரைட் போட்டா 128-க்கு கீழ லோ, அதுக்கு மேல ஹை, நடுவுல எதுவும் கிடையாது, உனோல 3, 5, 6, 9, 10, 11 தவிர எதுலயும் வராது. இஎஸ்பி 8266-ல பழைய கோடுல 512 போட்டா பாதி வரும், ஆனா அதோட அர்டுயினோ கோர் 3.0-க்கு அப்புறம் ரேஞ்ச் 1023-ல இருந்து 255 ஆயிடுச்சு, அதே 512 இப்போ முழு 3.3-யா வரும். அப்டேட் பண்ணதுல இருந்து மோட்டார் ஃபுல் ஸ்பீடுல ஓடுதுன்னு சொல்றவங்க இதை பாருங்க.

சர்வோ லைப்ரரி போட்டுட்டு 9, 10 பின்ல பிடபிள்யூஎம் எதிர்பார்க்காதீங்க, வராது, அந்த டைமரை அது எடுத்துக்கும், சர்வோவை வேற பின்ல மாட்டியிருந்தாலும் சரி. டோன் ஃபங்ஷன் 3, 11-ஐ கெடுக்கும்.

கை கிட்ட கொண்டு போனாலே நம்பர் ஆடுதுன்னா அது மிதக்குற பின், யாருமே டிரைவ் பண்ணல, சுத்தி இருக்கிற வீட்டு கரண்டோட 50 ஹெர்ட்ஸை ஏரியல் மாதிரி பிடிச்சுட்டு இருக்கு.

2024-ல வந்த பைக்கோ 2 போர்டுல இன்புட் பின்ல புல்-டவுன் (பின்னை கிரவுண்டோட சேர்க்கிற ரெசிஸ்டர்) போட்டும் 2.2 கிட்ட தொங்குதுன்னா நீங்க ஒண்ணும் பண்ணல, அதுல இருக்கிற ஆர்பி2350 சிப்போட ஆரம்ப சிலிக்கான்லயே இருந்த பிழை அது, இ9-ன்னு எர்ராட்டால (கம்பெனியே வெளியிடுற பிழைப் பட்டியல்) போட்டிருக்காங்க. வெளிய 8.2 கிலோ ஓம் இல்லன்னா அதுக்கும் கம்மியா ஒரு புல்-டவுன் போட்டா அடங்கிடும்.

என்ன எழுதினாலும் அசையவே மாட்டேங்குது

எப்பவும் 0, இல்ல எப்பவும் 5, கோடுக்கு மதிப்பே கொடுக்கல. அந்த பின்னுக்கு அவுட்புட் வசதி இருக்கான்னு முதல்ல பாருங்க. நானோல ஏ6, ஏ7 வெறும் அனலாக் இன்புட், டிஜிட்டல்ரைட் போட்டா காத்துல எழுதின மாதிரி தான். இஎஸ்பி32-ல 34-ல இருந்து 39 வரைக்கும் இன்புட் மட்டும். 6-ல இருந்து 11 வரைக்கும் ஃபிளாஷ் மெமரிக்கு போகுது, அதை தொட்டா போர்டே தொங்கிடும்.

அடுத்தது ஜேடேக், அதாவது சிப்பை டீபக் பண்றதுக்குன்னு சில பின்னை பிடிச்சுக்கிற வசதி. ஏடிமெகா 16, 32 வாங்கினவங்க எல்லாரும் ஒரு தடவையாவது மாட்டுவாங்க: போர்ட் சி-ல பிசி2-ல இருந்து பிசி5 வரைக்கும் நாலு பின் மட்டும் சொன்ன பேச்சு கேக்காது, மத்த நாலும் தங்கமா வேலை செய்யும். ஃபேக்டரில இருந்தே ஜேடேக் ஃபியூஸ் (சிப்புக்குள்ள இருக்கிற ஒரு செட்டிங் பிட், எரியுற ஃபியூஸ் இல்ல) ஆன்ல வருது. ஃபியூஸை மாத்தலாம், இல்லன்னா எம்சியூசிஎஸ்ஆர் ரிஜிஸ்டர்ல ஜேடிடி பிட்டை அடுத்தடுத்து ரெண்டு தடவை 1-னு எழுதணும், ரெண்டுக்கும் நடுவுல நாலு கிளாக் சைக்கிளுக்கு மேல போகக்கூடாது, அதனால நடுவுல வேற எதுவும் எழுதாதீங்க. எஸ்டிஎம்32எஃப்103-ல இதே மாதிரி பிஏ15, பிபி3, பிபி4. எஸ்டிஎம்-ல கூடுதலா ஒண்ணு, அந்த போர்ட்டுக்கு கிளாக்கை ஆன் பண்ணாம ரிஜிஸ்டர்ல என்ன எழுதினாலும் போய் சேராது, எர்ரரும் வராது.

உனோல 0, 1 பின்னை சீரியல் ஆரம்பிச்சதும் அது எடுத்துக்கும், 1-வது பின் சும்மா இருக்கும்போது ஹை-லயே நிக்கும், நீங்க லோ எழுதினாலும் கேக்காது.

வெறும் 328பி சிப்பை ப்ரெட்போர்டுல வச்சு சர்க்யூட் கட்டுறவங்களுக்கு: ஏ0-ல இருந்து ஏ3 வரைக்கும் மட்டும் வோல்ட்டேஜ் கோணல்மாணலா வந்தா 20-வது காலை பாருங்க. ஏவிசிசி அது, அனலாக் பகுதிக்கான சப்ளை கால், ஏடிசி (அனலாக் அளவை நம்பரா மாத்துற பகுதி) யூஸ் பண்ணலன்னு விட்டுடுவாங்க, ஆனா அந்த நாலு பின்னுக்கும் சப்ளை அங்க இருந்து தான் போகுது. விசிசியோட (7-வது சப்ளை கால்) சேர்த்துடுங்க.

லோ கொடுத்தா 0 வரல, 0.6, 0.9-ன்னு நிக்குது

ஒரு பையன் செவன் செக்மென்ட் டிஸ்ப்ளே கொண்டு வந்தான், 1 காட்டும்போது பளிச்னு இருக்கு, 8 காட்டும்போது மங்கிடுது, டிஸ்ப்ளே மட்டம்னு கடைக்காரரை திட்டிட்டு இருந்தான். காமன் கேதோடை நேரா ஒரு பின்ல மாட்டி அதை லோ பண்ணியிருந்தான். 1-க்கு ரெண்டு செக்மென்ட் தான் எரியும், 20 மில்லிஆம்ப், பின்ல 0.5 இருந்தது. 8-க்கு ஏழு செக்மென்ட், ஒவ்வொண்ணும் 10 வச்சாலும் 70 மில்லிஆம்ப் அந்த ஒரே பின் வழியா கிரவுண்டுக்கு போகணும், பின் வோல்ட்டேஜ் ஒன்றரைக்கு மேல ஏறிடுச்சு, அப்போ எல்இடிக்கு மிச்சம் என்ன இருக்கும்? 20 மில்லிஆம்ப்ல 0.9-க்குள்ள இருக்கும்னு தான் டேட்டாஷீட் சொல்லுது, அதுக்கு மேல போனா நீங்களாச்சு உங்க சிப்பாச்சு. காமன்ல ஒரு பிசி547 போட்டதும் எல்லா நம்பரும் ஒரே வெளிச்சத்துக்கு வந்துடுச்சு. மொத்த சிப்புக்கும் 200 மில்லிஆம்ப்ங்கிற வரம்பு தனியா இருக்கு, ஒவ்வொரு பின்னும் அளவுக்குள்ள இருந்தாலும் கூட்டுத்தொகையையும் பாருங்க.

லோடு பெருசா இல்லாமலே 0.3, 0.4 நிக்குதுன்னா கிரவுண்ட் ஒயரை சந்தேகப்படுங்க. மோட்டாரும் சிப்பும் ஒரே மெல்லிசு ஜம்பர் ஒயர்ல கிரவுண்ட் ஷேர் பண்ணா மோட்டார் ஓடும்போது சிப்போட கிரவுண்டே மேல தூக்கிடும். மோட்டார் கிரவுண்டை தனியா சப்ளை வரைக்கும் கொண்டு போங்க.

3.3 வோல்ட் போர்டு தொல்லைகள்

பின்ல 3.9 காட்டுது, போர்டே 3.3 தானே? எங்கிருந்தோ 5 வோல்ட் உள்ள வருது. பெரும்பாலும் எல்சிடிக்கு பின்னாடி ஒட்டுற ஐ2சி போர்டு, அதுல இருக்கிற புல்-அப் 5 வோல்ட்ல கட்டியிருக்கும், பின்னுக்குள்ள இருக்கிற காப்பு டையோடு அதை 3.3-க்கு மேல 0.6-ல பிடிச்சு நிறுத்துது. 3.3-யும் 0.6-யும் கூட்டுனா 3.9. லெவல் கன்வர்ட்டர் போடுங்க, இல்லன்னா அந்த புல்-அப்பை எடுத்துட்டு 3.3-க்கு மாத்துங்க. இதே டையோடு வழியா தான் பவரே கொடுக்காத போர்டுல எல்இடி மங்கலா எரியும், பக்கத்து போர்டோட டிஎக்ஸ் (சீரியல் டேட்டா அனுப்புற) லைன் இதுக்கு சாப்பாடு போட்டுட்டு இருக்கும்.

பின்ல 3.3 கரெக்டா வருது ஆனா எதிர்ல இருக்கிற 5 வோல்ட் ஐசி கண்டுக்கவே மாட்டேங்குதுன்னா 74எச்சி சீரிஸான்னு பாருங்க, அதுக்கு சப்ளைல 70 சதவீதம், அதாவது 3.5 வந்தா தான் ஹை. 74எச்சிடி போட்டா 2 வோல்ட்டே போதும். டபிள்யூஎஸ்2812பி எல்இடி ஸ்ட்ரிப்பும் அதே 3.5 கேக்கும், சில நேரம் வேலை செய்யும் சில நேரம் கண்டபடி மின்னும். முதல் எல்இடிக்கு மட்டும் போற 5 வோல்ட்ல ஒரு டையோடை சீரியஸா போட்டா அதோட சப்ளை 4.3 ஆகி, கேக்குற அளவு 3-க்கு இறங்கிடும்.

பவர் போட்டதும் ஒரு நொடி மட்டும் ரிலே துள்ளுது

கோடு ஓட ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி பின் யார் சொல்றதையும் கேக்காது. உனோல பூட்லோடர் (உங்க கோடுக்கு முன்னாடி ஓடுற குட்டி ப்ரோக்ராம்) முடியற வரைக்கும் கிட்டத்தட்ட எல்லா பின்னும் இன்புட்டா மிதக்கும், மாஸ்ஃபெட் கேட் அந்த நேரத்துல பாதி திறந்துக்கும், கேட்ல இருந்து கிரவுண்டுக்கு 10 கிலோ ஓம் போட்டா சரியாயிடும். இஎஸ்பி 8266-ல டி3, டி4 பூட் ஆகும்போது ஹை-ல இருந்தே ஆகணும், டி8 லோ-ல இருக்கணும், டி0 தானா ஹை ஆகும், அதனால ரிலேக்கு டி1, டி2 தான் எடுக்கணும், அதை விட்டா பூட் நேரத்துல அமைதியா இருக்கிற பின் தேடறது கஷ்டம்.

கடைசியா, நிஜமாவே பின் போயிருந்தா

எல்லாத்தையும் கழட்டியாச்சு, குட்டி ப்ரோக்ராம் போட்டாச்சு, பக்கத்து பின் அதே கோடுல 5 வருது, இது மட்டும் வரல. இப்போ சந்தேகப்படலாம். பவரை எடுத்துட்டு, முடிஞ்சா சிப்பை சாக்கெட்ல இருந்து கழட்டி மீட்டரை டையோடு மோடுல வைங்க. சிவப்பு ப்ரோப் சிப்போட கிரவுண்ட் கால்ல, கருப்பு சந்தேகப்படுற பின்ல, 0.5-ல இருந்து 0.7-க்குள்ள ஏதோ காட்டணும். அடுத்து கருப்பை விசிசில வச்சு சிவப்பை பின்ல வைங்க, அங்கயும் அதே மாதிரி வரணும். நல்லா இருக்கிற பக்கத்து பின்லயும் இதே ரெண்டையும் அளந்து ஒப்பிடுங்க, நம்பர் எவ்வளவுங்கிறதை விட ரெண்டும் ஒண்ணா இருக்கான்னு தான் பார்க்கணும். 0 கிட்ட வந்தா உள்ள ஷார்ட், ஒண்ணுமே காட்டலைன்னா உள்ள ஒயர் அறுந்துடுச்சு. டையோடு ரெண்டும் நல்லா இருந்தும் அவுட்புட் டிரான்சிஸ்டர் மட்டும் எரிஞ்சிருக்கவும் வாய்ப்பு இருக்கு, அப்போ ஹை மட்டும் வராது, லோ வரும், இல்லன்னா நேர்மாறா.

ஒரு பின் போனா சிப்பையே தூக்கி போடணும்னு இல்ல, சும்மா வீட்டு வேலைக்குன்னா வேற பின்னுக்கு மாத்திட்டு போயிட்டே இருக்கலாம், ஆனா செத்த பின்னை கோடுல இன்புட்டாவே விட்டுடுங்க, அவுட்புட்டா விட்டா உள்ள ஷார்ட் ஆன இடத்துல கரண்ட் ஓடி சிப் சூடாகிட்டே இருக்கும். அடுத்தவங்களுக்கு செஞ்சு கொடுக்கிற போர்டுன்னா யோசிக்காம சிப்பை மாத்துங்க, பூட்லோடர் ஏத்தின 328பி தனியாவே கிடைக்குது. மாத்தறதுக்கு முன்னாடி அந்த பின்ல என்ன மாட்டியிருந்ததுன்னு பாருங்க, அதை அப்படியே விட்டா புது சிப்பும் அதே பின்ல தான் போகும்.